தலைமை உபாத்தியாயர் யோக்கியதை

நம் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் தலைமை உபாத்தியாயராவதற்கு வேண்டிய யோக்கியதை பெரும்பாலும் சர்வீஸ் வருஷங்களாகவே இருந்து வருகிறது. வயது ஏறினால் நாற்காலியும் ஏறிவிடும்! அதில் உட்காரப் போகிறவர் தன் நடத்தையைப் பற்றி ஒருநாளாவது யோசித்ததுண்டா என்று கேட்பாரில்லை.

டெல்லியில் 2012-ல் ஏற்பட்ட பள்ளித் தலைமைக்கான தேசிய மையம், தன் பாடத்திட்டத்தில் தன்னை வளர்த்துக் கொள்வதை ஒரு தனிப் பகுதியாகவே வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் தன்னை அறிவது என்றவுடனே நம்மவர் கண்ணை மூடி மூக்கைப் பிடிக்க ஆரம்பித்து விடுவார்களே என்பதுதான் நமது பயம். கண்ணைத் திறந்து கொண்டல்லவா கேட்க வேண்டும்: நம் பள்ளியில் துடைப்பம் யார் வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போகிறது? எந்தத் தகப்பன் வந்தால் நாற்காலி போடுகிறோம், எந்தத் தகப்பனை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறோம்? நம்மை எதிர்த்துப் பேசிய உதவி உபாத்தியாயருக்கு மறுவாரம் என்ன வேலை கொடுத்தோம்?

நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு ஏற்பட்ட, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் கமிட்டி, ஒரு வட்டாரத்தில் மிகுதியாயுள்ள ஜாதியாரை அங்கே தலைமை உபாத்தியாயராகப் போடக் கூடாதென்று 2024-ல் சொல்லிற்று. சரியான யோசனையே. என்றாலும் ஊரை மாற்றினால் பெட்டியோடு புத்தியும் கூடவே வருமே! ஆகையால் உத்தியோகம் கொடுக்குமுன் மேற்படி கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் வாங்கி, அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்த பிள்ளைகளும் சொல்வதோடு ஒத்துப் பார்க்க வேண்டுமென்கிறோம். பிள்ளைகளின் பெயரை மாத்திரம் அவருக்குத் தெரியாமல் மறைத்து விடுவது அவசியம்.