வாசகர் முதலில், வருமானம் பிறகு
எழுத்தையே தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் பலர் முதல் வேலையாக வேலையை விட்டுவிடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஆண்டி வியர் கணினி நிரலாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் 'தி மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக, இலவசமாக வெளியிட்டார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டினார்கள், அவர் திருத்தினார். அவர்கள் கேட்டதால்தான் 2011இல் அது கிண்டிலில் 99 சென்டுக்கு வந்தது. 2014இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது, 2015இல் ரிட்லி ஸ்காட் படமாக்கினார். எல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள். ஹாலிவுட் தேடி வந்தது அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். அதற்கு முன்பே பல ஆண்டுகள் இணையத்தில் சித்திரக்கதை வரைந்து அவர் சேர்த்த வாசகர்கள் அப்படி வந்தவர்களல்ல. இலவசமாகக் கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. இலவசமாகக் கிடைத்த அந்தக் கதையைத்தான் ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கினார்கள்.