மலையில் உங்களைச் சுமப்பவர் யார்?

மாசி பிறந்துவிட்டால் இதயநோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துசேர்கிறது. "டாக்டர், ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வருடம் வெள்ளியங்கிரி ஏறலாமா?" கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஆண், முன்னரே பலமுறை ஏறி இறங்கியவர். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகளோ, நான் "வேண்டாம்" என்று சொல்லிவிட மாட்டேனா என என் முகத்தையே பார்த்திருப்பார். ஆடி அமாவாசை நெருங்கும்போது இதே கேள்வி சதுரகிரியைப் பற்றியும், கார்த்திகையில் பர்வதமலையைப் பற்றியும் வரும்.

இதற்கான மருத்துவ விடையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாதி வழியில் உங்களால் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாமற்போனால், உங்களைக் கீழே கொண்டுவருபவர் யார்?

"108-ஐக் கூப்பிடுவோம்" என்பார்கள் பலர். 108 ஊர்தி சாலை முடியும் இடம் வரையில்தான் வரும். வெள்ளியங்கிரியில் அது பூண்டி அடிவாரம், சதுரகிரியில் தாணிப்பாறை. அதற்கு மேல் சக்கரம் ஏதும் ஏறாது. மலையில் பல இடங்களில் கைப்பேசிக்கும் சைகை கிடைப்பதில்லை. அடர்ந்த காட்டிலும் பாறை இடுக்கிலும் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. இரவில் அதை எதிர்பார்ப்பது வீண். எஞ்சியிருப்பவை மனிதத் தோள்கள் மட்டுமே.

அத்தோள்களின் கணக்கை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைச் செங்குத்தான பாறைப் படிகளில் இறக்க ஒரே நேரத்தில் குறைந்தது நால்வர் வேண்டும். வழி நெடுகிலும் தோள் மாற்ற மேலும் நால்வர் வேண்டும். முன்னால் செல்பவரின் கால் வழுக்கினால் நோயாளியோடு நால்வரும் விழுவார்கள். தனியாக ஒருவர் நடந்து இறங்கும் நேரத்தைவிட, சுமையோடு இறங்கும் நேரம் மிக அதிகம். மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்குழாய் அடைப்பை நீக்க ஒவ்வொரு மணித்துளியும் முக்கியம் என்று நாங்கள் மருத்துவமனையில் ஓயாமல் சொல்கிறோம். மலையிலோ மணித்துளிகள் மணிகளாகக் கரைகின்றன.

தூக்குபவர்கள் யாவர்? அடிவாரச் சிற்றூர்களின் இளைஞர்கள், பழங்குடியினர், டோலித் தொழிலாளர்கள், வனத்துறையின் கடைநிலை ஊழியர்கள், சில வேளைகளில் வழியில் சென்ற முன்பின் அறியாத பக்தர்கள். கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள வெள்ளகெவி, இராசிபுரத்தை அடுத்த போதமலை போன்ற ஊர்களில் நிறைசூலியையும் நோயாளியையும் டோலி கட்டித் தூக்கிவருவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒன்று. மலைமீட்பு என்னும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. சாலையில்லாத மக்கள் வேறு வழியின்றிக் கற்றுக்கொண்ட கலை அது. அதற்குப் பயிற்சியும் கருவியும் காப்பீடும் தர நாம்தான் மறந்துவிட்டோம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். அவர்களிடம் முதலில் சென்றடைந்தோரில் குரங்கணி ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர். போர்வைகளிலும் கம்புகளிலும் தொட்டில் கட்டி, இருட்டில், புகை அடங்காத சரிவில் காயமுற்றோரை இறக்கினர். பின்னர் அரசுத் துறைகளும் படைவீரர்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆயினும் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருந்தீக்காயம் பட்ட உடலிலிருந்து நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் ஒருநாளைக்கு உரிய நீரில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஏற்ற வேண்டும் என்பது எங்கள் பாடநூல் விதி. அந்த எட்டு மணி நேரத்தின் பெரும்பகுதி மலையிலேயே கழிந்துவிட்டால், நகரத்து மருத்துவர் எவ்வளவு திறமையுள்ளவராயினும் பின்தங்கிய நிலையிலேயே தொடங்குகிறார்.

இங்கிலாந்தில் மலைமீட்பு இயக்கம் தோன்றியதன் பின்னணியில் ஒரு மருத்துவர் இருந்தார் என்பது, அத்தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமை தரும் செய்தி. 1928-இல் மான்செஸ்டருக்கு அருகில் லேடோ என்னும் பாறைமுகட்டிலிருந்து ஒருவர் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. நண்பர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு தூக்குப்படுக்கை கட்டி, கரடுமுரடான நிலத்தில் பல மணி நேரம் சுமந்துவந்தனர். முடிவில் அவரது காலையே அகற்ற நேர்ந்தது. விழுந்ததால் நேர்ந்த கேட்டைவிட, வலிநீக்கி மருந்தின்றித் தூக்கிவந்ததால் நேர்ந்த கேடே பெரிது என்று அறுவை மருத்துவர் வில்சன் ஹே முடிவுகட்டினார். நல்ல தூக்குப்படுக்கையை உருவாக்கும் குழுவில் இணைந்தார். மீட்புச் சாவடிகளில் மார்ஃபின் வைக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவரோ தந்துகொண்டே இருந்தார். 1949-இல் நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது. அதன் பின்னரே அரசு இறங்கிவந்து அனுமதி அளித்தது. இன்றும் அந்நாட்டின் மலைமீட்புக் குழுக்கள் தன்னார்வலர்களால் இயங்குகின்றன. ஆசிரியரும் தச்சரும் செவிலியரும் காவல்துறை அழைத்ததும் தம் வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறார்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு, தூக்குப்படுக்கை உண்டு, வானொலித் தொடர்பு உண்டு. நம் டோலிக்காரருக்கு இருப்பவை கம்பும் கயிறும் துணிவும்.

நம் மாநிலத்திலும் ஒரு தொடக்கம் தெரிகிறது. குரங்கணிக்குப் பின் மலையேற்றத்துக்கு ஒழுங்குவிதிகள் வந்தன. 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர். ஆனால் மக்கள் பெருந்திரளாக ஏறும் புனித மலைகளுக்குத்தான் இந்த ஏற்பாடு முதலில் தேவை என்பது என் கருத்து. அடிவாரத்தில் நெகிழிப் பைகளைச் சோதிக்கிறோம், நல்லதுதான். அதே மேசையில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதும், பாதையின் இடையிடையே இதய அதிர்வு தரும் கருவியோடு பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை ஊதியத்தோடும் காப்பீட்டோடும் அமர்த்துவதும் ஆகாத காரியங்களல்ல. அவர்களுக்குப் பயிற்சியளிக்க எங்களைப் போன்ற மருத்துவர்கள் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அவர்களை நகரத்துக்கு வரவழைத்துச் சான்றிதழ் தந்து படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

சில பெரியவர்கள் என்னிடம், "ஈசன் மலையில் உயிர் போனால் புண்ணியம்தானே, டாக்டர்" என்கிறார்கள். அவர்களின் பற்றுதலை நான் மதிக்கிறேன். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் புண்ணியத்தின் சுமையை நள்ளிரவில் ஆறாவது மலையிலிருந்து இறக்குபவர் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர். அவருக்கும் வீட்டில் தாய் காத்திருக்கிறாள். அடிவாரத்திலேயே பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் கொண்டிருக்கிறார். அங்கே நின்று வணங்கித் திரும்பியவரின் வேண்டுதல் குறைவுபட்டது என்று எந்த அடியாரும் என்னிடம் சொன்னதில்லை.

அறுபது வயதுக்கு மேற்பட்டோரை ஏறவிடக் கூடாது என்று தடை கோருவோரும் உள்ளனர். நான் உடன்படவில்லை. நாள்தோறும் வரப்பில் நடக்கும் அறுபத்தைந்து வயது உழவர், ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்து, புகைத்து, ஒருநாளும் இரத்த அழுத்தம் பார்த்திராத முப்பத்தெட்டு வயதுக்காரரைவிடப் பாதுகாப்பானவர். மலை வயதைப் பார்ப்பதில்லை. இதயத்தின் உண்மையான நிலையைப் பார்க்கிறது.

இனி மருத்துவ விடை. மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் பொருத்தியோ ஓராண்டு நிறையாதவருக்கு நான் ஒப்புதல் தருவதில்லை. இதயம் மட்டும் காரணமன்று. அக்காலத்தில் பெரும்பாலோர் இரத்தம் உறையாமைக்கான இருவகை மாத்திரைகளை உட்கொள்வார்கள். பாறையில் தலை மோதினால் உள்ளே கசியும் இரத்தம் எளிதில் நிற்காது. இதயச் செயலிழப்பு, கடுமையான வால்வுச் சுருக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், மயக்கம் வரவழைக்கும் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் ஏறக் கூடாது. இதில் பேரம் இல்லை. மற்றவர்களில், ட்ரெட்மில் பரிசோதனையில் மார்பு வலியோ ஈ.சி.ஜி. மாற்றமோ இன்றி ஒன்பது நிமிடத்தைக் கடப்பவரிடம்தான் மேற்கொண்டு பேசுகிறேன். வீட்டு மாடிப்படி ஏறமுடிகிறது என்பது சான்றாகாது.

"மேலே ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் இறக்கிறார்கள்" என்று பரவலாக நம்பப்படுகிறது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். நம் யாத்திரை மலைகள் அவ்வளவு உயரமில்லை. இங்கே கேடு செய்பவை வேறு: பழக்கமில்லாத உடலின் பேருழைப்பு, உறக்கமின்றி இரவில் ஏறுவது, விரதத்தால் ஒழிந்த வயிறு, குடிக்காத நீர், வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நிற்பது. இவை அனைத்தும் நம் கையில் உள்ளவை. மாற்றுச்சட்டை ஒன்றை எடுத்துச் செல்வதற்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை.

மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களின் நாடித்துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் உட்காருங்கள். இன்சுலினோ கிளைமிபிரைடோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவுக்காரர் விரதத்தோடு ஏறினால் சர்க்கரை திடீரெனத் தாழும். அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் சர்க்கரையோ பனங்கற்கண்டோ இருக்கட்டும். வெறுங்காலோடு ஏறும் நேர்ச்சை இருப்போர் கவனிக்க: நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் புரையோடிய காலோடு வருபவர்களை அறுவைப் பிரிவில் காண்கிறோம்.

நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வலியின்றியும் வரும். மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடக்கையிலோ இழுவை, விளங்காத களைப்பு ஆகியவற்றை "வாயு" என்று ஒதுக்கி, சோடா வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அறிகுறி தோன்றியதும் நடையை நிறுத்துங்கள். "மெதுவாக இறங்கிவிடலாம்" என்பதும் தவறு. இறங்குவதும் இதயத்துக்கு உழைப்பே. அமரச் செய்து, உடைகளைத் தளர்த்தி, மருத்துவர் முன்பே எழுதித்தந்த நாவடி மாத்திரையை உட்கார்ந்த நிலையிலேயே கொடுத்து, ஒருவர் உடனிருக்க, இருவர் உதவி தேடிச் செல்ல வேண்டும். அழைப்பு போகாத இடத்திலிருந்தும் சில வேளைகளில் குறுஞ்செய்தி போகும். 112 எண், கிடைக்கும் எந்த நிறுவனத்தின் அலைவரிசையையும் பற்றிக்கொள்ளும்.

உடன்செல்லும் உறவினருக்கு ஒரு சொல். ஒருவர் நினைவிழந்து மூச்சின்றிக் கிடந்தால், டோலி வந்துசேரும் வரை காத்திருப்பதில் பொருளில்லை. இதயம் நின்றபின் கையால் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மார்பின் நடுவில் இரு கைகளையும் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். விலா எலும்பு முறியுமோ என்று அஞ்ச வேண்டாம். முறிந்த எலும்பை எங்களால் கூட்டிவிட முடியும். இதை அரைமணியில் கற்றுக்கொள்ளலாம். மருந்தகத்துக்குச் செல்லும் வழியில் எங்கள் அவசரப் பிரிவுச் செவிலியரிடம் கேளுங்கள்.

புறப்படுமுன் எந்த இடத்தில் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எவரும் நேர்மையாக முடிவெடுப்பதில்லை. பிறகு ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் பெயர், நோய், ஸ்டென்ட் வைத்த மாதம், உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, வீட்டு எண் ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி, மழையில் நனையாத உறையில் இட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். உங்களைத் தோளில் சுமந்து வரும் இளைஞர் அதை எடுத்துப் படிப்பார். அடிவாரத்தில் நிற்கும் 108 ஊழியரிடம் கொடுப்பார்.