முதல் பக்கத்துப் பெயர்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாலிபர்களும் மறையூர் மலையோரத்துப் பிள்ளைகளும் தொலைக்காட்சிக்கென்று விஞ்ஞானக் கதைத் தொடர் எடுக்க உத்தேசித்து என்னிடம் அபிப்பிராயம் கேட்கும்போதெல்லாம், யந்திர ஜாலங்களைப் பற்றிப் பேசுமுன், வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய்க்கு நேர்ந்ததையே நான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளமொன்றில் விண்கலம் வந்து இறங்குவதாக 1967-இல் அவர் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதை, கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சனுடைய பிரயத்தனத்தால் ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனத்தை எட்டியது. அங்கே சென்ற ராய், வில்சன் உடனிருக்கத் தாமே எழுதிய கதைப் பிரதியின் முதல் பக்கத்தில், பதிப்புரிமை வில்சனுக்கும் தமக்கும் கூட்டாக உரியது என்று பொறித்திருக்கக் கண்டார். முன்பணமான 10,000 டாலரும் தம் கைக்கு வரவில்லை என்று 1980-இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவரே மனம் நொந்து எழுதினார். நடிக்க இசைந்த பீட்டர் செல்லர்ஸ் விலகினார், வில்சன் பிற்பாடு சந்நியாசியானார், படம் பிறக்கவேயில்லை.

1982-இல் வெளியான 'ஈ.டி.' என்ற ஹாலிவுட் படம் இக்கதையைத் தழுவியதா என்ற விவாதத்தையே பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கோ, உடனிருந்தவரோடு முதல் நாளே ஓர் உடன்படிக்கை எழுதாமற் போனதுதான் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

தம்பிமாரே, காமிரா வாடகைக்கு எடுக்குமுன், எழுதியவர் யார், பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள்.