பழைய வெள்ளிக்கு என்ன விலை?

அரிசிக்கு விலை கடைக்காரர் சொல்லுவார். நிலத்துக்கு விலை ஊரார் சொல்லுவார்கள். பாட்டியின் பெட்டியிலிருந்து வெளிவரும் வெள்ளி ரூபாய்க்கு மட்டும் விலை சொல்ல யாரும் இல்லை. ஆகவே, யாருக்கு முதலில் வாய் திறக்கத் துணிவு வருகிறதோ அவர் சொன்னதே விலையாகிவிடுகிறது. அந்தத் துணிவு பெரும்பாலும் வாங்குகிறவருக்கே வருவதுதான் சங்கடம்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாகப் பிரிவினை நடக்கும்போது இந்தச் சங்கடம் நடு வீட்டுக்கே வந்துவிடுகிறது. “காசுகளைக் குடும்ப ஞாபகார்த்தமாக நான் வைத்துக்கொள்கிறேன், தங்கைகளுக்குப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்கிறார் அண்ணன். நல்ல எண்ணந்தான். ஆனால் காசுகளைத் தரையில் கொட்டி எண்ணி, காசு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே விலை கட்டிவிடுகிறார். பழைய வெள்ளியைத் தலை எண்ணி வாங்குவது ஆட்டையும் மாட்டையும் ஒரே விலைக்குப் பேசுவதைப் போன்றது.

நம் பகுதிப் பெட்டிகளில் பல ஜாதிக் காசுகள் கலந்து கிடக்கும். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. எனினும் கடைத்தெருவில் புழங்கியது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயே. எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்பது பிரெஞ்சிந்தியக் கணக்கு. அன்றியும், சைகோனுக்குச் சென்று உத்தியோகம் பார்த்தவர்களும் பட்டாளத்தில் சேவித்தவர்களும் திரும்பி வருகையில் இந்தோ-சீனாவின் பெரிய வெள்ளிப் பியாஸ்தர்களைக் கொண்டு வந்தார்கள். இவை எல்லாம் ஒரே சுருக்குப் பைக்குள் இருந்தால், பார்ப்பவருக்கு எல்லாம் வெள்ளிதான், தராசுக்கு அப்படியல்ல.

முதல் வேலை, காசில் பொறித்த ஆண்டைப் பார்த்துத் தனித்தனியே அடுக்குவது. 1835 முதல் 1939 வரையில் அடித்த ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆக, தூய வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். 1940-இல் யுத்தச் செலவு ஏறியபோது சர்க்கார் ரூபாயின் எடையைக் குறைக்கவில்லை, வெள்ளியைக் குறைத்தது. பாதி வெள்ளி, மீதியெல்லாம் செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே, அரசர் தலை அதே, வெள்ளி மட்டும் 5.83 கிராம். பழைய நல்ல ரூபாய்களைப் படிப்படியாகச் செலாவணியிலிருந்து நீக்கிக் கஜானாவுக்குத் திரும்ப அழைத்தும் கொண்டார்கள். 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுவதும் நிக்கல். அந்த அழைப்புக்குச் செவி சாய்க்காமல் அரிசிப் பானைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒளித்து வைத்த நம் பாட்டிமார்களின் பொருளாதார ஞானத்தை மெச்சத்தான் வேண்டும்!

சைகோன் பியாஸ்தரோ தன் ஜாதகத்தைத் தானே சொல்லிக்கொள்ளும். 1895-க்குப் பின் அடித்த பெரிய காசில் எடை 27 கிராம் என்றும், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்றும் பிரெஞ்சு மொழியில் பொறித்திருக்கிறது. தூய வெள்ளி 24.3 கிராம். 1931-ஆம் ஆண்டுக் காசு மட்டும் 20 கிராம்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு வீட்டில் முப்பது காசுகள் இருப்பதாகவும், வெள்ளி கிராம் நூறு ரூபாய் விற்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பதினெட்டு பழைய ரூபாய். எட்டு யுத்த கால ரூபாய். நான்கு பெரிய பியாஸ்தர். முதல் அடுக்கில் 192.4 கிராம் தூய வெள்ளி, இரண்டாவதில் 46.6, மூன்றாவதில் 97.2. மொத்தம் 336 கிராமுக்குச் சற்று மேல்; மதிப்பு சுமார் 33,600 ரூபாய். முப்பதையும் யுத்த கால ரூபாயாகப் பாவித்து விலை கட்டினால் 17,500 ரூபாய்க்குள் முடிந்துபோகும். தங்கைகளின் பங்கில் ஏறக்குறைய பாதி, யாரும் திருடாமலே, காணாமற் போய்விடுகிறது!

தேய்ந்த காசு எடை குறையும். ஆகையால் ஏட்டுக் கணக்கோடு நில்லாமல் அடுக்கு அடுக்காகத் தராசில் வைத்து நிறுத்துக்கொள்வது நலம். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பற்று வைத்ததில் கலந்த மட்ட உலோகத்துக்குச் சிறிது கழித்துக்கொள்வதும் நியாயமே.

வெள்ளி விலை என்பது தரை. அதற்குக் கீழே கேட்பவருக்கு விற்க வேண்டியதில்லை. அதற்கு மேலே எவ்வளவு என்பது அருமையைப் பொறுத்தது; வயதைப் பொறுத்ததன்று. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைக் கண்டதும் பலர் புதையல் கிட்டியதாக மகிழ்கிறார்கள். அதே ஆண்டைப் பொறித்தே 1874 வரையில் அடித்துத் தள்ளினார்கள்; ஆதலால் அது மிகச் சாதாரணம். 1911-ஆம் ஆண்டு ரூபாய் வேறு விதம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றிவிட்டது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். மறு ஆண்டே உருவைத் திருத்தினார்கள். சேகரிப்போர் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். 1939-ஆம் ஆண்டு ரூபாய் அதனினும் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலியும் மிகுதி. எடையும் விளிம்புக் கோடுகளும் சரியாயிராவிட்டால் தொடாதீர்கள்.

ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் அனுமதி பெற்று 1736-இல் புதுச்சேரி அக்கசாலை ரூபாய் அடிக்கத் தொடங்கிற்று. பிறைக் குறியுள்ள அந்த ரூபாயோ, பிரெஞ்சுக்காரரின் சின்னஞ்சிறு வெள்ளிப் பணமோ, ஒரு புறம் லில்லிப் பூவும் மறு புறம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’யும் உள்ள செம்புத் துட்டோ கிடைத்தால், விலை பேசுவதை அன்றே நிறுத்திவிடுங்கள். விஷயம் அறிந்த இருவரிடமாவது தனித்தனியே காட்டிய பிறகு பேசலாம். அவற்றில் இருப்பது நம் ஊரின் சரித்திரம்.

இன்னொன்று: எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு, காசின் வயதுக்குச் சாட்சி. பளபளப்பாக்கிவிட்டால் சேகரிப்பவர் விலையைக் குறைத்துவிடுவார்.

கடைசியாக, விலையைச் சொல்லும் முறை. வாங்குகிறவர் ஒரு காகிதத்தில் ஆண்டு, எண்ணிக்கை, எடை, தூய வெள்ளி, அன்றைய விலை, அருமைக்காகச் சேர்த்தது, தேய்மானத்துக்காகக் கழித்தது என்று வரிசையாக எழுதி விற்பவர் கையில் கொடுக்கட்டும். வியாபாரியாயின் தம் லாபத்தையும் தனி வரியில் எழுதட்டும். உழைப்புக்கு லாபம் எடுப்பது பாவமன்று, அதை மறைப்பதே பாவம். அண்ணனாயின் லாப வரியே வேண்டாம். தங்கை அந்தக் காகிதத்தை எந்தக் கடைக்கு எடுத்துச் சென்று காட்டினாலும் அண்ணனுடைய முகம் வாடாதிருக்குமானால், அவர் கொடுத்ததே சரியான விலை.