வாடகை வீண் செலவா?

‘வாடகை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது’ என்பது நம் இல்லங்களில் வேதவாக்கு. வேலை கிடைத்ததும், “வீடு எப்போது வாங்குவாய்?” என்பார்கள். கணக்குப் பார்ப்போமா?

வீட்டின் விலை 62½ இலட்சம். அதில் கடன் 50 இலட்சம். வட்டி நூற்றுக்கு 8½. காலம் 20 ஆண்டு எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். முதல் தவணையில் 35,400 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 8,000 மட்டுமே! கடன் தீரும்போது வட்டி 54 இலட்சம். இது வங்கிக்குக் கொடுக்கும் வாடகையன்றி வேறென்ன? விலையில் நூற்றுக்கு 3 ஆண்டு வாடகையென்றால், அதே வீட்டுக்கு மாதம் 15,600தான். மிச்சத்தைச் சேமிப்பவனுக்கு வாடகை வீணல்ல.

பின் ஏன் வாங்கத் துடிக்கிறோம்? அச்சம்! 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் வாடகை ஏறும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. தக்க காரணமின்றி இடையில் வெளியேற்றவும் தடை விதிக்கிறது. ஆனால் மாநிலங்கள் இயற்றினாலன்றி அது ஏட்டுச் சுரைக்காயே.

கடன் சுமக்கும் துணிவைவிட, அச்சமின்றிக் குடியிருக்கும் உரிமையைக் கேட்கும் துணிவே இன்று நமக்குத் தேவை!