வலி மாத்திரையும் கருப்பைப் புற்று நோயும்

உடலில் எங்கேனும் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. இந்த அழற்சியில் பங்கு கொள்ளும் என்ஸைம்களில் ஒன்று காக்ஸ்-2. கருப்பையின் உட்சவ்வில் தோன்றும் புற்று நோயிலும் இதற்குக் கை உண்டு என்று விஞ்ஞானிகள் கூறி வருகின்றனர். செய்தி பொய்யல்ல. ஆனால் அரைகுறையாகக் காதில் விழுந்தால் தீமையே மிஞ்சும்.

காக்ஸ்-2-இன் வேலை ப்ராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைத் தயாரிக்க உதவுவது. மாத விலக்கின்போது கருப்பையைச் சுருங்கச் செய்து வலி உண்டாக்குவதும் அதுவே. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் கண்டறிந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதே ப்ராஸ்டாகிளாண்டின் புற்றுக் கட்டிக்கும் ஊழியம் செய்கிறது. கட்டிக்கு உணவு கொண்டு செல்லப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது. மடிய வேண்டிய செல்களை மடிய விடாமல் காக்கிறது. போதாக்குறைக்கு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உண்டாக்கும் மற்றோர் என்ஸைமையும் உசுப்பி விடுகிறது. இந்தப் புற்று நோயில் பெரும் பகுதி ஈஸ்ட்ரோஜனின் தயவில் வளர்வது. மாத விலக்கு நின்ற பின்னும் கொழுப்புத் திசுவில் அந்த ஹார்மோன் ஊறுவதால்தான் உடல் பருத்த பெண்களுக்கு அபாயம் அதிகம்.

அப்படியானால் வலி மாத்திரை விழுங்கி வந்தால் புற்று நோயைத் தடுத்து விடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். கட்டியில் காக்ஸ்-2 மிகுந்திருப்பது ஒன்று. அதை அடக்கினால் நோயும் அடங்கும் என்பது வேறு. பின்னது நிரூபணமாகவில்லை. காக்ஸ்-2-ஐக் குறி வைத்து வந்த ரோஃபிகாக்ஸிப் மாத்திரை, மாரடைப்பு அபாயத்தால் 2004-ல் வாபஸ் பெறப்பட்டதை மறப்பதற்கில்லை. சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கும் பழக்கம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

என்ஸைமை விட அவசரமான விஷயம் இரத்தப் போக்கு. மாத விலக்கு நின்ற பின் இந்நோய் கண்டவர்களில் சுமார் 90 சதவிகிதத்தினருக்கு இந்த அறிகுறி இருந்திருக்கிறது. ஆகவே மாத விலக்கு நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டுக் கறை பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டியதே. அதற்காகப் பீதி அடைய வேண்டாம். அவ்வாறு இரத்தம் காண்கிற 100 பேரில் 10 பேருக்கும் குறைவானவர்களுக்கே புற்று நோய் இருக்கிறது. ஸ்கான் எடுத்து, தேவையானால் உட்சவ்வில் சிறு துணுக்கைச் சோதித்தால் விஷயம் தெரிந்து விடும். பாப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததால் சும்மா இருந்து விடுவது தவறு. அது கருப்பை வாய்ப் புற்று நோய்க்கான சோதனை. கட்டி கருப்பையைத் தாண்டுமுன் கண்டு கொண்டால் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையால் குணமடைகின்றனர்.

வெளி மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு வேறொரு தடையும் உண்டு. ஊரிலிருந்து வந்து பிள்ளையுடன் தங்கியிருக்கும் தாயாருக்குக் கன்னடமோ மராத்தியோ இந்தியோ வராது. டாக்டரிடம் மகன்தான் பேச வேண்டும். மகன் காது கேட்க இதை எந்தத் தாய் சொல்வாள்? "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பி விடுகிறாள். மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ உடன் செல்லலாம். அதுவும் இயலாவிட்டால், "மாத விலக்கு நின்ற பின் இரத்தம் படுகிறது" என்று அந்த ஊர் மொழியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினாலும் டாக்டருக்குப் போதும்.