பழந்தீர்வினின்று புதுத்தீர்வு



நூலை நம்பி வாழும் ஊர் திருப்பூர். இவ்வூர் மாணாக்கனொருவன், "ஐயா, உலகப் பொருளெல்லாம் நுண்ணிழைகளின் அதிர்வே என்கின்றார்களே, அதனைத் தமிழிற் சொல்லவியலுமா?" என வினவினால் யாம் என்ன விடையிறுப்பது? இயலும் என்பதே எம் விடை. சொல்லியும் காட்டுவோம்.

இழைக்கோட்பாட்டைத் தாழ்ந்த ஆற்றல்நிலையில் நோக்கக் கிட்டுவது மீயீர்ப்புக் கோட்பாடு. அதன் சமன்பாடுகளை நேரே தீர்ப்பது மிக அரிது. ஆகவே அறிஞர் வேறு வழி கண்டனர். அறிந்த தீர்வொன்றை எடுத்து, அக்கோட்பாட்டின் உள்ளமைந்த ஒழுங்குகட்கு இணங்கத் திரித்தால் புதுத்தீர்வு பிறக்கும்.

'திரிபு' என்றதும் அஞ்சற்க. பொன்னும் குடமும் புணர, னகரம் றகரமாய்த் திரிந்து பொற்குடம் ஆகின்றது. நெறியோடு திரிவது பிழையன்று, புதுவடிவு. இவ்வுண்மை தமிழ் இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று.

இராய் கெர் என்பார் 1963-இல் சுழலும் கருந்துளைக்குரிய தீர்வைக் கண்டார். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிலையத்திலிருந்த அசோக் சென், 1992-இல் அதனையே திரித்து, சுழற்சியும் மின்னூட்டமும் ஒருங்குடைய கருந்துளைத் தீர்வொன்றை இழைக்கோட்பாட்டில் நிறுவினார். 2005-இல் ஓலெக் உலூனினும் உவான் மால்டசேனாவும் மற்றொரு திரிபைத் தந்தனர். அதனை மூன்று படியாகச் சொல்லலாம். இரு வட்டத் திசைகளுள் ஒன்றன் ஆரையைத் தலைகீழாக்குக. மற்றதை அதனோடு பிணைத்து நகர்த்துக. முன்னதை மீண்டும் தலைகீழாக்குக. குழலாகப் பின்னிய துணியை இருமுறை புரட்டினால் பழந்துணியே எஞ்சும். அதுபோல, இங்கும் இருமுறை தலைகீழாக்கல் மட்டும் பழந்தீர்வையே தரும். இடையே செய்த நகர்த்தலே புதுமைக்கு ஏது.

இது வெறுங்கணக்காட்டமன்று. ஈர்ப்பில்லாத துகட்கோட்பாட்டின் கடுங்கணக்குகளை ஈர்ப்புக் கணக்காக மாற்றித் தீர்க்க இத்தீர்வுகள் உதவுகின்றன. இழைக்கோட்பாடு இன்னும் செய்முறைச் சான்று பெறவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டை 1983-இல் பெருநூலாக யாத்தார், ஆங்கிலத்தில். உலகு பயன்கொண்டது. தமிழ்வழிப் பயிலும் நம் பிள்ளையோ வாயிலில் நிற்கின்றான்.

குறை மொழியினதன்று, நம் முயற்சியினது. ஊர்தோறும் அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, திங்களுக்கு ஒரு கருத்தையேனும் பிள்ளைகட்கு விளங்க எழுதுக. பழைய வேரினின்று புதுச்சொல் நெறியோடு பிறக்கும். நூலாற் பிழைக்கும் ஊர் அறிவியல்நூல் யாக்கவும் துணிக!